காசு கொடுத்தும் நமதாகாத விளையாட்டுகள்

பல்லாங்குழிப் பலகை ஒன்றை வாங்கினால் அது நம்முடையது. சோழி குறைந்தால் புளியங்கொட்டை போட்டு ஆடலாம். ஆடி அலுத்தால் பரண்மேல் போட்டு வைக்கலாம். பத்தாண்டு கழித்துத் தூசி தட்டித் தங்கையிடம் கொடுக்கலாம். விற்றவர் கடையை மூடிவிட்டார் என்பதற்காகப் பலகையில் உள்ள பதினான்கு குழிகளும் ஒரு நாள் காலையில் தூர்ந்து போய்விடுவதில்லை. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் ஒன்றுமில்லைதான். ஆனால் இந்தச் சாதாரண உரிமைகூட இன்று கணிப்பொறி விளையாட்டுகளை வாங்குவோருக்கு இல்லாமற் போய்க்கொண்டிருக்கிறது. அது எப்படி என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கணிப்பொறி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே பெரியோர்கள் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். கண் கெடும், படிப்புக் கெடும், பொழுது வீணாகும் என்பவை ஆண்டுதோறும் நம் பேச்சுப் போட்டிகளில் தவறாமல் கேட்கும் வாசகங்கள். அவற்றை மறுக்க நாம் முன்வரவில்லை. ஆனால் விளையாடுபவர்களே மனம் நொந்து கூறும் குறைகள் சில உண்டு. அவை மேடைக்கு வருவதில்லை. பணம் கொடுப்பவர்கள் பெற்றோர்களே ஆதலால் அவர்களும் அவற்றை அறிந்திருப்பது நல்லதல்லவா?

இவ்விளையாட்டுகளின் பிறப்பே ஒரு சுவையான செய்தி. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், பார்வையாளர்களுக்காகக் கதவு திறக்கும் நாட்களில் வருவோருக்குச் சலிப்புத் தட்டாதிருக்க வேண்டுமே என்று வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலார் அலைகாட்டித் திரையில் ஒரு டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். ஒளிப்புள்ளி ஒன்று வலையைத் தாண்டி இங்குமங்கும் துள்ளும். அவ்வளவுதான். அதற்கே மக்கள் வரிசையில் நின்றனராம். 1972இல் பாங் என்னும் விளையாட்டு காசு போட்டு ஆடும் பெட்டியாக வந்தது. 1983இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவியை விற்கத் தொடங்கியது.

அக்கருவியைப் பார்த்துச் செய்த மலிவுப் பிரதிகள் தொண்ணூறுகளில் நம் நாட்டுக் கடைத்தெருக்களுக்கும் வந்து சேர்ந்தன. நம் பெற்றோர்களில் பலர் ‘டி.வி. கேம்’ என்று சொல்வது இதைத்தான். அதில் செருகும் பிளாஸ்டிக் பெட்டியை அவர்கள் ‘கேசட்’ என்பார்கள். உண்மையில் அதனுள் நாடா எதுவும் கிடையாது. ஒரு சிறிய சில்லு மட்டுமே உண்டு. விளையாட்டின் முழு நிரலும் படங்களும் இசையும் அச்சில்லில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டுவிடும். எழுதியது எழுதியதுதான், அழிக்க முடியாது. கேசட்டைச் செருகி விசையைத் தட்டினால் கருவியின் மூளை அச்சில்லை நேராகப் படிக்கத் தொடங்கும். வேறு எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவேதான் ஓரிரு விநாடியில் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. (தொடங்காவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதிச் செருகுவது நம் மாமன்மார்கள் கண்ட வைத்தியம். அப்படி ஊதாதீர்கள், எச்சிலின் ஈரம் செப்புத் தகட்டைக் கெடுக்கும் என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது!) எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுப் பரணில் அத்தகைய கருவி ஒன்று இருக்கிறது. அவளுடைய சித்தப்பா ஆடியது. இன்றும் செருகினால் ஓடுகிறது.

1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ உலகப் புகழ் பெற்றது. அதன் அளவு முழுவதும் 40 கிலோபைட்தான். 2019இல் வெளிவந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ என்னும் விளையாட்டுக்குக் கணிப்பொறியில் 175 ஜிகாபைட் இடம் வேண்டும் என்றார்கள். அதாவது மாரியோவைப் போன்ற நாற்பது இலட்சம் விளையாட்டுகளை வைக்கும் இடம். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் கிடைக்கும் தொலைபேசித் திட்டத்தைக் கொண்டு அதை இறக்கினால் 117 நாட்கள் ஆகும் என்று நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். காலாண்டுத் தேர்வுக்குத் தொடங்கினால் அரையாண்டுத் தேர்வும் முடிந்து பொங்கலும் வந்துவிடும்!

அளவு பெரிதாவது மட்டும் குற்றமன்று. படங்கள் உயிருள்ளவை போல இருக்க வேண்டுமானால் இடம் தேவைதான். குறை வேறிடத்தில் இருக்கிறது. சில்லில் பதித்து விற்ற காலத்தில், பிழையோடு விற்றால் திருத்த வழியில்லை. எனவே விற்குமுன் சோதித்துத் தீர வேண்டிய கட்டாயம் இருந்தது. இன்றோ இணையத்தின் வழியே பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்ற துணிவில், வேகாத சோற்றை இலையில் பரிமாறுகிறார்கள். போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக விளம்பரம் செய்து 2020 டிசம்பரில் வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’ பிழைகள் மலிந்து கிடந்தது. சோனி நிறுவனம் அதே மாதத்தில் அதைத் தன் கடையிலிருந்தே நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அது கடைக்குத் திரும்பியது 2021 ஜூனில்தான்.

பழங்காலம் பொற்காலம் என்று நாம் கூறவில்லை. 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக அட்டாரி நிறுவனம் ‘ஈ.டி.’ என்னும் திரைப்படத்தை ஒட்டி ஒரு விளையாட்டை ஐந்தே வாரத்தில் செய்து முடித்தது. அது அவ்வளவு மோசமாக இருந்ததால் விற்காமல் தேங்கி, 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் வேறு பல கேசட்டுகளோடு லாரி லாரியாகக் கொட்டிப் புதைக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்தும் காட்டினார்கள். அவசரமும் பேராசையும் அன்றும் இருந்தன. ஆனால் ஈ.டி.யை வாங்கி ஏமாந்தவர் கையில் அந்தக் கேசட்டாவது மிஞ்சியது.

இனிச் சொல்லப் போவதுதான் நம் கட்டுரையின் மையம்.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நாடு முழுவதையும் சுருக்கி வரைந்து, நியூயார்க்கில் புறப்பட்டு மலைகள், பாலைவனங்கள், நெடுஞ்சாலைகள் வழியே மறுகரைக் கடல் வரை காரோட்டிச் செல்லலாம் என்று அமைத்திருந்தார்கள். தட்டாக வாங்கியவரும் உண்டு, இணையத்தில் இறக்கியவரும் உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றார்கள். 2024 மார்ச் 31ஆம் நாள் அதை நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்றால் விற்பனையை மட்டுமன்று. அதுவரை பணம் கொடுத்து வாங்கிய அத்தனை பேர் வீட்டிலும் அந்த விளையாட்டு இயங்காமல் போயிற்று. தட்டு அலமாரியில் அப்படியே இருந்தது. செருகினால் ஓடவில்லை. பிறரோடு சேராமல் தனியே அமர்ந்து ஆடியவருக்கும் இதே கதிதான். அடுத்த மாதமே, இணையத்தில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அவ்விளையாட்டுக்கான உரிமத்தையே பறித்துக்கொண்டார்கள்.

இஃது எவ்வாறு நிகழக்கூடும்? தட்டில் இருப்பது விளையாட்டின் ஒரு பகுதிதான். நம்மிடம் எத்தனை கார்கள் உள்ளன, எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறோம் போன்ற கணக்குகளெல்லாம் நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கும். அதைச் ‘சர்வர்’ என்பர். ஆட்டத்தைத் தொடங்கும்போதெல்லாம் நம் கருவி அந்தச் சர்வரை அழைத்து, ‘இவள் ஆடலாமா?’ என்று கேட்கும். ‘ஆடலாம்’ என்ற பதில் வந்தால்தான் மேலே நடக்கும். வங்கிப் பெட்டகத்தில் நகையை வைத்துவிட்டு, சாவியை மட்டுமல்லாது நகைப் பட்டியலையும் வங்கியாரிடமே விட்டுவிட்டு வருவது போன்ற ஏற்பாடு இது. அவர் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் நாம் யாரிடம் போய் நிற்பது?

சட்டப்படி கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. நாம் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்தும் நீண்ட ஒப்பந்தத்தில், நீங்கள் வாங்குவது விளையாட்டை அன்று, அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே என்று எழுதியிருக்கும். அந்த அனுமதியைத் திரும்பப் பெறவும் இடம் வைத்திருப்பார்கள். ஆனால் பொத்தானில் மட்டும் ‘வாங்குக’ என்று பெரிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். வாடகை வீட்டுக்குக் ‘கிரயப் பத்திரம்’ என்று தலைப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால் நம் பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா?

நிறுவனத்தார் பக்கத்தையும் கேட்க வேண்டும். சர்வருக்கு மின்சாரம் வேண்டும், கவனிக்க ஆட்கள் வேண்டும். ஆடுவோர் தொகை குறைந்த பின்னர் எத்தனை காலம்தான் செலவு செய்வது என்கிறார்கள். நியாயமே. எந்தக் கடையும் உலகம் உள்ளவரை நடக்காது. ஆனால் மூடும் நாளைக் கடைசி நேரத்தில் அறிவிப்பதும், தனியே ஆடும் வழியைக் கூட விட்டுச் செல்லாமல் போவதும் நியாயம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கூகிள் நிறுவனம் தன் ‘ஸ்டேடியா’ என்ற விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, அதன் கடையில் விளையாட்டுகளை வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. மனமிருந்தால் அப்படியும் செய்யலாம்.

முடியாது என்று சொல்லப்படுபவை பல நேரங்களில் முடியக்கூடியவையே என்பதற்கும் சான்று உண்டு. நகரம் ஒன்றைக் கட்டி ஆளும் ‘சிம்சிட்டி’ என்னும் விளையாட்டு 2013 மார்ச்சில் புதிய வடிவில் வந்தது. தனியே ஆடினாலும் இணையத் தொடர்பு இருந்தே தீர வேண்டும் என்று விதித்தார்கள். வெளியான வாரத்தில் சர்வர்கள் கூட்டம் தாங்காமல் திணறின. வாங்கியவர்கள் நகரம் கட்டுவதற்குப் பதில் வரிசையில் காத்திருந்தனர். இணையமின்றி இயங்க வைப்பதற்குப் பெரும் பொறியியல் வேலை வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். 2014 மார்ச்சில் இணையமின்றி ஆடும் வசதியை அவர்களே வெளியிட்டார்கள்!

இணையத்தால் நன்மையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2016இல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் விண்வெளி விளையாட்டு, சொன்னதில் பாதிகூட இல்லை என்று வசைபாடப்பட்டது. அதைச் செய்த சிறிய குழுவினர் அதன்பின் ஆண்டுக்கணக்கில் இலவசமாகவே மேம்படுத்தி அதை நல்ல விளையாட்டாக்கினர். அந்தக் காலத்துச் சில்லில் இது நடந்திருக்காது.

காசே கேட்காத விளையாட்டுகள் ஒரு தனி ரகம். இவைதாம் நம் வீட்டுத் தொலைபேசிகளில் நிறைந்திருப்பவை. 2012இல் வந்த ‘கேண்டி க்ரஷ் சாகா’வை அறியாத அத்தைமார்கள் குறைவு. அதில் ஐந்து உயிர்கள் கொடுப்பார்கள். ஒரு முறை தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் ஒன்று திரும்பி வர முப்பது நிமிடம் ஆகும். ஐந்தும் போய்விட்டால் அனைத்தும் நிரம்ப இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். அங்கே விற்கப்படுவது விளையாட்டன்று, பொறுமையின்மை. நமக்கு ஆவல் மூளும் இடம் எது என்று பார்த்து அங்கே சுங்கச்சாவடியை வைத்திருக்கிறார்கள்.

அதைவிடப் பொல்லாதது ‘லூட் பாக்ஸ்’ எனப்படும் பரிசுப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே விலை கொடுத்துத் திறக்க வேண்டும். பெட்டிக்கடையில் அட்டையில் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் பரிசு பார்ப்பார்களே, அதேதான். 2017 நவம்பரில் முழு விலைக்கு விற்கப்பட்ட ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’ என்னும் விளையாட்டிலும் இதைப் புகுத்தினார்கள். கதையின் முதன்மைப் பாத்திரங்களில் ஒருவரைத் திறக்கவே ஏறத்தாழ நாற்பது மணி நேரம் ஆட வேண்டியிருக்கும் என்று விளையாடுவோர் கணக்கிட்டுக் கொதித்தனர். நிறுவனம் விலையைக் குறைத்து, காசு வாங்குவதையும் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், இத்தகைய பெட்டிகள் தங்கள் நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்துவிட்டது. நம்மைப் போன்ற சிறு வயதினர் கையில் சூதாட்டம்!

இந்நோய் விளையாட்டுகளோடு நிற்கவில்லை. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் ‘கிண்டில்’ கருவியில் வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய சில புத்தகங்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. அவற்றை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணமும் திருப்பித் தரப்பட்டது. அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’. வேண்டாத ஏடுகளை அரசு அழிக்கும் உலகைப் பற்றிய நாவல் அது! நம் நூலகச் சகோதரி, கொடுத்த புத்தகத்தைத் திரும்பக் கேட்டு இரவில் வீட்டுக்குள் வந்து எடுத்துச் சென்றால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். (அபராதம் மட்டும்தான் அவர்கள் வழக்கம்.)

தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் பின் மூடியை நகத்தால் நெம்பி மின்கலத்தை மாற்றினோம். இன்று பெரும்பாலானவற்றில் பசையிட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். மின்கலம் பழையதானால் பலர் தொலைபேசியையே மாற்றிவிடுகின்றனர். பழைய மின்கலம் உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைந்துவிடாமல் காப்பதற்கே அவ்வாறு செய்தோம் என்றது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாங்கியவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுச் செய்திருந்தால், மின்கலத்தை மட்டும் மாற்றிக்கொண்டு புதுத் தொலைபேசிச் செலவைத் தவிர்த்தவர்கள் எத்தனை பேரோ! எளிதில் கழற்றி மாற்றக்கூடிய மின்கலங்களே 2027 பிப்ரவரி முதல் பெரும்பாலான கருவிகளில் இருக்க வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி செய்தது. நம் நாட்டிலும் பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது.

‘தி க்ரூ’வின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. ராஸ் ஸ்காட் என்னும் அமெரிக்கர் 2024 ஏப்ரலில் ‘விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார். என்றென்றும் சர்வரை நடத்துங்கள் என்பதல்ல அவர் கோரிக்கை. மூடும்போது, வாங்கியவர் தம் வீட்டில் ஏதேனும் ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதே. ஐரோப்பாவில் பத்து இலட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டால் ஒரு பொருளை ஐரோப்பிய ஆணையம் ஆராய்ந்து பதில் கூற வேண்டும் என்ற முறை உண்டு. 2025 ஜூலையில் இக்கோரிக்கை அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தருவது அனுமதி மட்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. யூபிசாஃப்ட் நிறுவனமும் தன் அடுத்த இரு கார் விளையாட்டுகளுக்கு இணையமின்றி ஆடும் வழி செய்வதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது.

விடுமுறையில் அண்ணன் தம்பிகளுக்கு விளையாட்டு வாங்கித் தரவிருக்கும் பெற்றோர்கள், பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ளதை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்துப் பாருங்கள். ‘இணையத் தொடர்பு கட்டாயம்’ என்று இருந்தால், தனியே ஆடுவதற்கும் அது கட்டாயமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. கேட்டுத்தான் பாருங்களேன்.

‘தி க்ரூ’வை விரும்பிய சிலர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நின்றுபோன சர்வர் என்னென்ன பதில்கள் சொல்லும் என்பதை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, தாங்களே மாற்று ஒன்றை எழுதி 2025 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்டனர். பழைய தட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்களில் கணிப்பொறிக்காக வாங்கியவர்கள் இப்போது மீண்டும் நியூயார்க்கிலிருந்து புறப்படுகிறார்கள்.